எச்சரிக்கை: ரிப்பேருக்கு விட்ட 1969 கமாரோ, திரும்பி வந்தபோது பாதிதான் இருந்தது

முதலில் கண்ணில் பட்டது ஹெட்லைட். பதினான்கு மாதம் பட்டறையில் கிடந்த காரை வீட்டுக்கு ஓட்டி வந்து கராஜில் நிறுத்திவிட்டு, ஆசையாக ஒரு துணியை எடுத்து முன்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஹெட்லைட் கண்ணாடிக்கு நடுவே ஒரு சின்ன முக்கோணமும் அதற்குள் டி-3 என்ற எழுத்தும் இருக்கும். என் காரிலும் இருந்தது. வலது விளக்கில் அந்த முக்கோணத்துக்குச் சற்றுக் கீழே, ஏதோ பொடிக்கல் பட்டு மூக்குத்திக் கல் அளவுக்குத் தெறித்திருக்கும். விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி வழுவழுவென்று இருந்தது. முக்கோணமும் இல்லை, தெறிப்பும் இல்லை.

சரி, விளக்குதானே, உடைந்திருக்கும், மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். திறந்திருக்கவே வேண்டாம்.

கார் 1969-ஆம் ஆண்டு செவர்லே கமாரோ இசட்/28, ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) தயாரிப்பு. ஓஹாயோவின் நார்வுட் ஆலையில் அந்த வருடம் மார்ச் மூன்றாம் வாரம் செய்தது. ஃபாதம் கிரீன் என்ற கரும்பச்சை. ட்ரான்ஸ்-ஆம் என்ற கார்ப் பந்தயத்தில் இஞ்சின் ஐந்து லிட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதிக்காக 302 கன அங்குல இஞ்சினைப் போட்டுப் பிறந்த ரகம் இது. அந்த மாடலில் 20,302 கார்கள் செய்தார்கள். நான் டெட்ராய்ட் பக்கம் உதிரிபாகத் தரப் பரிசோதனையில் இருப்பவன். ஒவ்வோர் ஆகஸ்டிலும் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலம் போவதைப் பத்து வருடம் ஓரத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துப் பார்த்து, 2021-இல் 58,000 டாலர் கொடுத்து வாங்கினேன். மனைவி அந்தத் தொகையை இன்றும் மறக்கவில்லை.

அவ்வளவு கொடுத்தது அழகுக்கு இல்லை. பெயின்ட் பல இடங்களில் மங்கிப்போயிருந்தது, சீட் ஓரம் கிழிந்திருந்தது. ஆனால் யாரும் பெரிதாகக் கை வைக்காத கார். ஆலையில் ஏறிய இஞ்சின், ஆலையில் ஏறிய கார்புரேட்டர். புகை விதிக்காக அந்தக் காலத்தில் மாட்டிவிட்ட காற்றுப் பம்ப் கூட டிக்கியில் ஒரு அட்டைப் பெட்டியில் இருந்தது. அப்போது எல்லோரும் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். அதனாலேயே இன்று ஒரிஜினல் பம்ப் யானை விலை.

செவர்லே வாங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து ஃபோர்டு என்றால் மார்ட்டி ரிப்போர்ட் என்று ஒன்று வாங்கலாம், ஆலைப் பதிவிலிருந்தே எடுத்துத் தருவார்கள். ஜி.எம்.மின் இன்னொரு பிராண்டான பான்டியாக்குக்கும் அப்படி உண்டு. கனடாவில் விற்ற ஜி.எம். கார் என்றால் அங்கே கேட்கலாம். அமெரிக்காவில் விற்ற செவர்லேக்கு அப்படிக் கேட்டு வாங்க எதுவும் கிடையாது. நம்மூரில் சேசிஸ் நம்பர் என்கிறோமே, அதற்கு இங்கே வின். 1969 கமாரோவின் வின், வண்டியில் இருப்பது எட்டு சிலிண்டர் வி-8 இஞ்சின் என்று மட்டும் சொல்லும், இசட்/28 என்று சொல்லாது. உடல் தகட்டில் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 என்று இருந்தால் நல்லது, ஆனால் அந்தத் தகட்டையே புதிதாக அடித்து விற்கிறார்கள். ஆக, இரும்பில் இருக்கும் குறிகள்தான் பத்திரம். அதை அழித்தால் பத்திரத்தை எரித்த மாதிரி.

அந்தக் குறிகள் எங்கே என்றால், இஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒளிந்தாற்போல், தீப்பெட்டி அகலத்தில் ஒரு சமதளம் இருக்கும். அதில் இரண்டு வரிசை எழுத்து. ஒன்று இஞ்சின் கட்டிய இடமும் தேதியும் ரகமும்: என்னுடையதில் வி0312டிஇசட். வி என்றால் ஃப்ளின்ட், மார்ச் 12, டிஇசட் என்றால் இசட்/28-இன் 302. இன்னொன்று வண்டியின் வின்னில் பின்பாதி. எழுத்தை விட முக்கியம், எழுத்துக்கு அடியில் உள்ள கோடுகள். ஆலையில் அந்தத் தளத்தை ப்ரோச் என்ற பெரிய அரத்தால் இழுத்துச் சமமாக்குவார்கள். முன்னிருந்து பின்னாக, தலைமயிர் கனத்தில், இணைகோடுகள் விழும். பிறகு யாராவது தளத்தைச் சீவினால் அவை போய்விடும், எண்ணையும் புதிதாகத்தான் அடித்தாக வேண்டும்.

நான் காரைப் பட்டறைக்கு விட்டது, இஞ்சின் பின்புற சீலில் எண்ணெய் ஒழுகியதற்கும் பிரேக்குக்கும்தான். எஸ்டிமேட் 6,800 டாலர். "எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கழற்றுகிற ஒவ்வொன்றும் எனக்கு வேண்டும்" என்று வாயால் சொன்னேன். பட்டறைக்காரரும் தோளைத் தட்டி, "பழைய காரைப் பற்றி எனக்கா சொல்கிறீர்கள்?" என்றார். சுவர் முழுக்கப் பரிசுக் கோப்பைகள். நம்பிவிட்டேன். அப்புறம் மாதம் ஒரு போன். சிலிண்டர் ஹெட் சரியில்லை, ரேடியேட்டர் ஒழுகுகிறது, இஞ்சின் அறையை மணல் அடித்துச் சுத்தம் செய்தால் நன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் போனிலேயே சரி, சரி என்றேன். கடைசி பில் 31,400.

அன்று இரவு பானெட்டைத் திறந்தபோது எல்லாம் மின்னியது. இஞ்சின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலில் ஆலைத் தொழிலாளி யாரோ மெழுகுச் சாக்பீஸால் கிறுக்கிய குறி ஒன்று இருந்தது, அது கறுப்புப் பெயின்டுக்கு அடியில். கார்புரேட்டர் பார்க்க அதே மாதிரி, ஆனால் புதிதாக வார்த்த நகல். ஸ்பார்க் ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் எண்ணும் தேதியும் உள்ள பட்டையைக் காணோம். டிக்கியில் அட்டைப் பெட்டியே இல்லை. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். எண் இருந்தது, சரியான எண்தான். ஆனால் வின்னின் கடைசி இலக்கமான 8, பழைய பிளாக்கில் இரண்டு தடவை அடிபட்டு நிழல் விழுந்தாற்போல் இருக்கும். இப்போது அச்சுப் புத்தகத்தில் வருவது போல ஒற்றை 8. அடியில் ப்ரோச் கோடு ஒன்றுகூட இல்லை.

மறுநாள் ஜாக்கி போட்டு, கண்ணாடி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அடியில் படுத்தேன். பிளாக் வார்ப்பு எண் பின்பக்கம் ஓட்டுநர் பக்கத்திலும், வார்த்த தேதி அதற்கு எதிர்ப் பக்கத்திலும் புடைத்து இருக்கும். எண் 3970010. அந்த வருட 302-க்கு மூன்று வார்ப்பு எண்கள் வந்தன, இது கடைசியாக வந்தது, பிறகு எழுபதுகள் முழுக்க 350 இஞ்சின்களுக்கும் ஓடிய எண். தேதி, ஜி 22 9. ஜி என்றால் ஏழாம் எழுத்து, ஜூலை. ஜூலை 22-இல் வார்த்த பிளாக், மார்ச்சில் ஆலையை விட்டு வெளியே வந்த காருக்குள் எப்படி ஏறும்? அதோடு, அந்த 9 வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும்தான். 1969 என்றும் படிக்கலாம், 1979 என்றும் படிக்கலாம்.

எனக்கு வயிறு கலங்கியதில், உடலையும் மாற்றிவிட்டார்களோ என்றுகூடச் சந்தேகம் வந்து, ஹீட்டர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஃபயர்வாலில் வின்னின் பின்பாதி மறைவாக அடித்திருக்கும். இருந்தது. உடல் என்னுடையதுதான்.

பட்டறைக்காரர் முதலில் மறைக்கவே இல்லை. "பிளாக் விரிசல். வேறு போட்டேன். உங்கள் எண்ணை அதிலேயே அடித்துக் கொடுத்தேன், விலை குறையக் கூடாதே என்று" என்றார், ஏதோ உபகாரம் செய்த முகத்தோடு. விரிசல் விட்ட பிளாக் எங்கே? "ஸ்கிராப்புக்குப் போய்விட்டது." விரிசல் விட்டதாகவே இருக்கட்டும், டிஇசட் அடித்த பிளாக்கை இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் ஸ்கிராப்பில் போட மாட்டார்கள். இஞ்சின் இழந்த இன்னொரு இசட்/28-க்கு, எண் பொருந்தாவிட்டாலும் தேதி பொருந்தினால் போதும், வாங்க ஆள் உண்டு.

வக்கீல் கடிதம் போனதும் கதை மாறியது. இப்போது, "கார் வந்தபோதே பிளாக் அப்படித்தான் இருந்தது, முந்தைய உரிமையாளர் யாரோ மாற்றியிருக்கிறார்" என்றார். என்னிடம் இருந்ததோ வாங்கிய அன்று போனில் எடுத்த ஒரே ஒரு படம். எண் தெரிகிறது, மேலே எண்ணெய்ப் பிசுக்கு, கோடு தெரியவில்லை. அடியில் படுத்து வார்ப்புத் தேதியைப் பார்க்க அன்று சோம்பல். தொழிலே பாகங்களை அளப்பது, சொந்தக் காரை அளக்கவில்லை.

ஆகவே முந்தைய உரிமையாளர்களைத் தேட வேண்டியதாயிற்று. இங்கே அது லேசு இல்லை. 1994-இல் வந்த ஒரு மத்தியச் சட்டப்படி வண்டிப் பதிவு அலுவலகங்கள் யாருடைய பெயரையும் சும்மா தராது. எனக்குக் கை கொடுத்தது வாரண்டிப் புத்தகத்தில் வந்த ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட் என்ற அலுமினியத் தகடு. இஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் குறிகளெல்லாம் அதில் புடைத்திருக்கும், கூடவே முதல் உரிமையாளர் பெயர் அடித்த ஒரு பட்டை. (இதற்கும் நகல் அடிக்கிறார்கள், அதை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.) பெயரை வைத்துக்கொண்டு ஓஹாயோவில் உள்ள ஆக்ரன் நகரப் பொது நூலகத்தில் அந்த வருட நகர முகவரிப் புத்தகத்தைப் புரட்டினேன். பிறகு ஒரு இரங்கல் செய்தி. அதிலிருந்து மகள். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை, இரண்டாவதுக்குப் போனே செய்தார். அப்பா 1977 வரை எண்ணெய் மாற்றியது, ஸ்பார்க் ப்ளக் மாற்றியது எல்லாம் எழுதிய நோட்டு அவரிடம் இருந்தது. இஞ்சினைப் பிரித்ததாக ஒரு வரிகூட இல்லை. இரண்டாம் உரிமையாளர் இறந்துவிட்டார், அவர் வைத்திருந்த ஏழு வருடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடைக்கவில்லை.

அந்த ஓட்டையை அடைத்தவர் மூன்றாமவர், எனக்கு விற்ற பெரியவர். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "1984-இல் வாங்கும்போது ஒரு தாளில் தேய்த்து எடுத்தேன், இருக்கிறதா பார்க்கிறேன்" என்றார். ஒரு வாரத்தில் கவரில் வந்தது. மெல்லிய தாளை அந்தச் சமதளத்தின் மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்திருக்கிறார். நம் கல்வெட்டுக்காரர்கள் படி எடுப்பார்களே, அதே வேலை. டிஇசட் தெரிகிறது. இரட்டை அடி விழுந்த 8 தெரிகிறது. எழுத்துகளுக்கு இடையில், மழைச்சாரல் மாதிரி, ப்ரோச் கோடுகள். கீழே பென்சிலால் அவரே எழுதியிருந்தார்: 3956618, சி 4 9. மார்ச் 4-இல் வார்த்து, 12-இல் கட்டி, மூன்றாம் வாரம் காரில் ஏறிய பிளாக். 1984-லிருந்து எனக்கு விற்கும் வரை இஞ்சினைப் பிரிக்கவில்லை என்று எழுத்தில் தரவும் சம்மதித்தார்.

தாளைப் பார்த்த பிறகுதான் எதிர்த்தரப்பு இறங்கி வந்தது. தொலைந்ததாகச் சொன்ன கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் அலமாரியில் "கிடைத்தன". 9,000 டாலர் திரும்ப வந்தது. கார் மதிப்பில் போனது அதைவிட அதிகம், ஆனால் வக்கீல் செலவைக் கூட்டிப் பார்த்து நானும் கையெழுத்துப் போட்டேன். கடையின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி. கமென்டில் கேட்காதீர்கள்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற நாலு பேர் பழைய கார் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். மிச்சிகனில் வண்டிப் பழுதுபார்ப்புச் சட்டம் 1974-லிருந்து இருக்கிறது. எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும், கேட்டால் கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். நான் எழுத்தில் கேட்கவே இல்லை. போனில் சரி சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் பாதித் தகராறு கிடையாது. பட்டறைக்கு விடும் முன் அந்தச் சமதளத்தைத் துணியால் மட்டும் துடைத்து (உப்புத்தாள் கூடவே கூடாது) படம் எடுங்கள். வார்ப்பு எண், வார்ப்புத் தேதி, மறைவான வின், கண்ணாடிகளில் உள்ள தேதி எழுத்து, ஆல்டர்னேட்டர், ஹெட்லைட் எல்லாவற்றையும் படம் எடுத்து, பட்டறைக்காரர் கையெழுத்தோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மணல் அடிக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை. பென்சிலும் தாளும் ஒரு டாலர்கூட ஆகாது.

போன கோடையில் ஆக்ரனுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன், அந்த மகளுக்குக் காட்ட. அவரும் ஒரு புகைப்படம் எடுத்து வைத்திருந்தார். வெள்ளை ஓரத்தில் ஜூலை 69 என்று அச்சடித்த கோடாக் படம், கரும்பச்சைக் காரின் மேல் சாய்ந்து அவர் அப்பா. காரைச் சுற்றி வந்தவர், பயணி பக்கத்தில் உட்கார்ந்து, கிளவ் பாக்ஸ் மூடியின் வலது மூலையில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். "இது எப்போதும் இறுகிக்கொள்ளும், இங்கே தட்டினால்தான் திறக்கும்" என்றார். மூடி தொட்டதும் தானே திறந்துகொண்டது. அதையும் மாற்றியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

பிளாக் இன்னும் கிடைக்கவில்லை. பழைய பாகச் சந்தைகளுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் கண் வையுங்கள்: வார்ப்பு எண் 3956618, தேதி சி 4 9, சமதளத்தில் வி0312டிஇசட். வின் பாதியின் கடைசி மூன்று எண்கள் 418, அந்த 8 இரண்டு தடவை அடிபட்டிருக்கும். விரிசல் இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.