பிரஸ் பாஸுக்குப் பணம் கேட்கிறார்களா? இதைப் படித்துவிட்டு அப்புறம் கட்டுங்கள்

கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் பந்தயச் செய்தி எழுத ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் கார்ப் பந்தயம் விட்டார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதிலிருந்து டீக்கடையில் கூட பிட் ஸ்டாப், லேப் டைம் என்றுதான் பேச்சு. இந்த ஆசையைக் காசாக்க ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அதில் ஒன்றிடம் நான் மாட்டினேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நடப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தயத்துக்குப் போகும் செய்தியாளருக்கான அனுமதி விலைக்கு விற்கும் பொருள் இல்லை. ஃபார்முலா 1 என்றால், உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் அமைப்பான எஃப்ஐஏவிடம் விண்ணப்பிக்க வேண்டும். எந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறீர்கள் என்று ஆசிரியரின் கடிதம் கேட்பார்கள், ஏற்கெனவே வெளிவந்த உங்கள் கட்டுரைகளைக் கேட்பார்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ நடக்கும் தேசியப் போட்டி என்றால், நடத்துகிறவர்களின் ஊடகப் பொறுப்பாளருக்கு முன்கூட்டியே மெயில் போட்டுப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். படம் எடுப்பவர் தடத்தின் ஓரத்தில் நிற்க, ஆபத்துக்குத் தானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், தனி மேலங்கி மாட்ட வேண்டும். கடிதம் கேட்பார்கள், கையெழுத்துக் கேட்பார்கள். நடுவில் ஒருவர் வந்து ‘ப்ராசஸிங் ஃபீ’ என்று கேட்டால் அது அவர் பாக்கெட்டுக்கு.

எனக்குப் பிழைப்பு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரில். ராத்திரி உட்கார்ந்து பந்தயம் பற்றி எழுதுவேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் புதுச்சேரியில் இருக்கும் அந்த நிறுவனத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். மோட்டார் ஸ்போர்ட் பத்திரிகையாளர் பயிற்சி, உங்கள் பெயரிலேயே கட்டுரைகள், பிரஸ் கார்டு, நன்றாக எழுதினால் வெளிநாட்டுப் பந்தயம். கட்டணம் 9,500 ரூபாய். அலுவலகம் ஒரு மாடியில், ஏசி போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் ஹெல்மெட், சுவரில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி. நடத்துகிறவர் நாற்பது வயதுக்காரர், ரொம்ப அன்பாகப் பேசுவார். வழவழப்பான ஒரு கையேடு கொடுத்தார். அதில் ‘சிறந்த மாணவருக்கு செபாங்கில் ஃபார்முலா 1 நேரில்’ என்று இருந்தது. மலேசியாவில் ஃபார்முலா 1 கடைசியாக ஓடியது 2017இல். அங்கே செபாங் தடத்தில் இப்போது நடப்பது மோட்டோஜிபி, அது பைக் பந்தயம். கேட்டேன்.

“அதெல்லாம் டிசைனர் போட்டது தம்பி. நீங்க எழுதுறத மட்டும் பாருங்க” என்றார்.

பணம் ஜிபேயில் போனது. எண் அவருடையது, திரையில் வந்த பெயர் வேறு யாருடையதோ. ரசீது கேட்டதற்கு வாட்ஸப்பில் கட்டைவிரல் படம் வந்தது. இந்த இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி என்று அவர்கள் காட்டியதெல்லாம் எஃப்ஐஏ தன் தளத்தில் எல்லோருக்கும் சும்மா போடும் காகிதங்கள். ஒவ்வொரு கிராண்ட் பிரீக்கும் டைமிங் தாள்கள், ஸ்டூவர்டுகள் என்கிற பந்தய நடுவர்களின் தீர்ப்புகள், ஓட்டுநர்களின் பத்திரிகையாளர் சந்திப்பு எழுத்து வடிவில், எல்லாம் அங்கே இருக்கிறது. எழுதப் பழகுகிறவனுக்கு உண்மையிலேயே பெரிய புதையல் அது. அதைத் தமிழில் மாற்றித் தர வேண்டும், மேலே ‘ஷாங்காயிலிருந்து நமது நிருபர்’ என்று போட வேண்டும். ஷாங்காய் எங்கே, திருப்பாதிரிப்புலியூர் எங்கே! “எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க” என்பது பதில்.

அந்த ஷாங்காய்ப் பந்தயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச், சீன கிராண்ட் பிரீ. ஃபெராரியில் லெக்லேர் ஐந்தாவது, ஹாமில்டன் ஆறாவது. பந்தயம் முடிந்ததும் வருவது தற்காலிக முடிவு. தொழில்நுட்பச் சோதனை முடிந்தால்தான் அது நிற்கும். அன்றைக்கு லெக்லேரின் காரும் ஆல்பைன் அணியில் காஸ்லியின் காரும் குறைந்தபட்ச எடையான 800 கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்தன. ஹாமில்டன் காரின் அடிப்பலகை விதிப்படி இருக்க வேண்டிய கனத்துக்குக் கீழே தேய்ந்திருந்தது. மூன்று பேரும் தகுதி நீக்கம். தீர்ப்புத் தாள் வந்ததும் செய்தியைத் திருத்தி அனுப்பினேன். அவர்கள் தளத்தில் திருத்தவே இல்லை. மறுநாள் காலையிலும் ஃபெராரிக்கு ஐந்தும் ஆறும் அப்படியே. போன் போட்டால், “அதான் போட்டாச்சே தம்பி, யாரு திரும்ப வந்து பார்க்கப் போறா?”

பார்ப்பவன்தான் நம் வாசகன். இந்த வேலையில் சுவாரசியமே சோதனைக் கொட்டகையிலிருந்து வரும் அந்த ஒற்றைத் தாளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அவர்களுக்குக் கணக்கு கிளிக்கோடு முடிந்துவிட்டது.

இதெல்லாம்கூட எரிச்சலோடு போயிருக்கும். மேஸ்திரி விஷயம் அப்படி இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான். எண்பதுகளில் சென்னையில் ஒரு பைக் பந்தயக்காரரிடம் கையாளாக இருந்தவர். இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன்னால், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் சோழவரம் பந்தயங்கள் நடந்த காலம் அது. சாயங்காலம் கடையை மூடிய பிறகு அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். ஆர்டி 350 பைக் ஒரு சுற்று போய்விட்டு உள்ளே வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பார்களாம். “சாக்லேட் கலர்ல இருந்தா நிம்மதி. வெள்ளையா இருந்துச்சுன்னா பெட்ரோல் பத்தல, பிஸ்டன்ல ஓட்டை விழுந்துடும். உடனே ஜெட்ட மாத்தணும்” என்றார். ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை வைக்கும் சின்னத் துளை. எரிந்த விளக்கெண்ணெய் வாசத்தைப் பற்றி மட்டும் ஒரு பத்தி வந்தது. பந்தய டூ ஸ்ட்ரோக்குகளில் ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயிலை ஊற்றுவார்கள், அந்தப் புகை சட்டையில் ஏறினால் ஊர் வந்து சேர்ந்தும் போகாதாம். ஒரு பழைய பிளக்கைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துக் காட்டினார், அதைப் படமும் எடுத்தேன். நான் எழுதியதில் உருப்படியானது அதுதான்.

அது வெளியானபோது தலைப்பு ‘சோழவரம் சாம்பியன்’. எழுதியவர் பெயர் அந்த நிறுவனத்தை நடத்துகிறவருடையது. படம் என்னுடையது, அதன் மேல் அவர்கள் லோகோ. உள்ளே மேஸ்திரி சொல்லாததெல்லாம் மேற்கோள் குறிக்குள். மூன்று முறை கோப்பை வாங்கினாராம். கோப்பை எங்கே என்று யாராவது கேட்டால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது: ‘எல்லாம் தானே புயலில் போய்விட்டன’ என்று அவர் கண்கலங்கினாராம். 2011 டிசம்பர் புயலைக் கடலூர்க்காரன் யாரும் மறக்க மாட்டான் என்று தெரிந்து போட்டிருக்கிறார்கள். பொய்யிலும் ஒரு திறமை இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

டீக்கடையில் மேஸ்திரியைப் பார்த்து ‘என்ன சாம்பியன்’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“நான் எப்படா ஜெயிச்சேன்? ஸ்பேனர் எடுத்துக் குடுத்தவன்டா நான். தானேல என் கடைக் கூரைதான் போச்சு. கோப்பை எங்கேருந்து வந்துச்சு?”

அவர் கையாளாக இருந்த பந்தயக்காரரின் குடும்பம் இன்னும் சென்னையில் இருக்கிறது. அவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பதுதான் அவருக்குக் கவலை. என்ன பதில் சொல்வது?

நிறுவனத்தில் கேட்டதற்கு, “ஸ்டோரிக்குக் கொஞ்சம் மசாலா வேணும் தம்பி. உங்க பேரு அடுத்த தடவை வரும்” என்றார்கள். கூடவே ஒரு செய்தி: இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் பந்தயச் சுற்று வருகிறது, என்னை நிருபராக அனுப்புகிறார்கள், அனுமதி அட்டைக்கு 6,000 ரூபாய். பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரர்கள்.

அட்டை வந்தது. நீல நாடா, பெரிய சிவப்பு எழுத்தில் ‘பிரஸ்’, என் புகைப்படம். ஓரத்தில் பொன்னிறச் சதுரம், ஏடிஎம் அட்டையில் சிப் இருக்குமே அது போல. விரலால் தடவினால் வழுவழுவென்று இருந்தது, வெறும் அச்சு. அதன் பக்கத்தில் பளபளக்கும் ஒரு ஸ்டிக்கர், லேமினேஷனுக்கு மேலேயே ஒட்டியிருந்தது, ஒரு மூலை பிரிந்து வந்துகொண்டிருந்தது. பின்பக்கம், இதை வைத்திருப்பவருக்குக் காவல்துறை ஒத்துழைக்க வேண்டும் என்று வேண்டுகோள். எந்தப் பந்தயம், எந்தத் தேதி என்பது மட்டும் எங்கேயும் இல்லை. பந்தய அனுமதி என்றால் அதுதானே முதலில் இருக்க வேண்டும்?

திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக பைக்கிலேயே போனேன். ஊடக மேசையில் இருந்த பெண் பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தார். “லிஸ்ட்ல பேர் இல்லையே சார்.” அட்டையை நீட்டினேன். சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. இதே அட்டையோடு இன்னும் சிலர் வந்ததாகவும், இதற்கும் போட்டி நடத்துகிறவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றும் சொன்னார். அட்டைக்குப் பணம் கட்டினீர்களா என்று கேட்டு, தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த சுற்றுக்கு வெளியான கட்டுரைகளை இணைத்து மெயில் போடுங்கள், இப்போதைக்குப் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து பாருங்கள் என்று அவர்தான் வழி சொன்னார். பார்த்தேன். கேலரியிலிருந்தே ஒரு நோட்டு நிறைய எழுதினேன். அது வேறு கதை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அன்பு குறைந்தது. “கார்டு குடுத்தாச்சே, அப்புறம் என்ன?” என்று ஆரம்பித்தார். போலீஸுக்குப் போவேன் என்றதும், “நாங்க பாண்டி, நீங்க தமிழ்நாடு. முள்ளோடை தாண்டி உங்க கம்ப்ளெயின்ட் வராது” என்றார். முள்ளோடைதான் இரண்டுக்கும் நடுவில் எல்லை. நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கிலேயே கடலூர்ப் பையன்களாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசினேன், அப்புறம் கடலூரிலேயே புகார் போட்டேன். உங்களிடமிருந்து இணையம் வழியாகப் பணம் பறித்துவிட்டு ஆளே காணாமல் போனால் 1930 என்ற இணைய மோசடி உதவி எண்ணுக்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

கட்டுரைக்கு வேறு வழி இருந்தது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவன்தான் முதல் உரிமையாளன். சம்பளத்துக்கு வேலை பார்த்து அந்த வேலையாக எழுதியிருந்தால்தான் அது முதலாளிக்குப் போகும். எனக்குச் சம்பளமும் இல்லை, வேலை நியமனக் கடிதமும் இல்லை. நானே காசு கட்டிச் சேர்ந்தவன். உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எழுதியவன் என்று தன் பெயரைக் கோரும் உரிமை 57ஆம் பிரிவில் தனியாகவே இருக்கிறது. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, நான் அனுப்பிய மூலக் கோப்பின் தேதியையும் படத்தின் அசலையும் சேர்த்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை, கட்டுரை மட்டும் தளத்திலிருந்து காணாமல் போனது. அதை வைத்துச் செய்த ரீல்ஸ் இன்னும் சுற்றுகிறது, அதில் மேஸ்திரி இன்னும் சாம்பியன்தான்.

இவர்களிடமோ இதே மாதிரி வேறு யாரிடமோ பணம் கட்டியிருந்தால் ஜிபே விவரம், வாட்ஸப் பேச்சு, கையேடு, அட்டை எதையும் தூக்கி எறியாதீர்கள். அட்டையை இருபக்கமும் படம் எடுத்து வையுங்கள். கட்டுரையை அனுப்புவதானால் மெயிலில் அனுப்புங்கள். வாட்ஸப்பில் மட்டும் அனுப்பியிருந்த இரண்டு பையன்கள் இப்போது எது தங்களுடையது என்று காட்ட முடியாமல் நிற்கிறார்கள்.

என் புகாரில் அட்டைக்கான 6,000, சேர்க்கைக் கட்டணம் 9,500, போக்குவரத்துச் செலவு, மேஸ்திரியின் எழுத்துபூர்வமான வாக்குமூலம் எல்லாம் சேர்த்திருக்கிறேன். வாக்குமூலத்தை அவரே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன், மூன்றாவது வரியிலேயே பிளக்கின் நிறத்துக்குப் போய்விட்டார், அதையும் அடிக்காமல் விட்டுவிட்டேன். நிறுவனத்துக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அவர்கள் தரப்பு இன்னும் ஆஜராகவில்லை.