மரமா லினோவா, சிரட்டையா பிரஸ்ஸா: காற்றைப் பார்த்துத்தான் சொல்லலாம்

போன கிழமை ஒரு தங்கச்சி கேட்டார், "அண்ணா, மரத்தில செதுக்கிறதா, லினோவில செதுக்கிறதா, எது நல்லம்?" என்று. "எந்த மாதம் அடிக்கப் போறீங்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். திருகோணமலையில் வீட்டு விறாந்தையில் இருந்து, மரப்பலகையிலோ லினோ என்ற தரைவிரிப்புத் தகட்டிலோ படத்தைச் செதுக்கி, மை பூசித் தாளில் தனியாக அச்சடிக்கிறவனுக்கு இது பகிடி இல்லை. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் ஒழுங்காக நடக்கும் வேலை, வாடை மழை கொட்டும் மார்கழியில் அப்படியே காலை வாரிவிடும்.

முதலில் மரம். மரக்காலைக்குப் போனால் கண்ணில் படுவது முதிரை, தேக்கு, மஹோகனி. முதிரையை மறந்துவிடுங்கள், கதவுநிலைக்கு அருமையான மரம், உளியின் வாயைத் தின்றுவிடும். நான் முதன்முதல் அதில்தான் தொடங்கினேன், இரண்டு மணித்தியாலத்தில் உள்ளங்கை அளவுகூடச் செதுக்கவில்லை, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஓடாவி பார்த்துவிட்டு, "தம்பி, இது வீடு கட்டுற மரம், படம் கீறுற மரமில்லை" என்றார். அம்பலாங்கொடையில் முகமூடி செய்பவர்கள் இலேசான கதுரு மரத்தைத் தேடிப்போவதற்கு அதே காரணம்தான். ஜப்பான்காரர் நேர்மாறு, ஓவியர் ஹொகுசாய் காலத்து அச்சுகளுக்குக் காட்டுச்செர்ரிப் பலகை, கடினமானது, மயிரிழைக் கோடும் உடையாமல் நிற்கும். ஆனால் அங்கே படம் வரைந்தவர் ஒருவர், செதுக்கியவர் ஒருவர், அச்சடித்தவர் இன்னொருவர். இங்கே மூன்றும் நான்தான்.

ஆகவே எனக்குக் கட்டுப்படியாவது பிளைவூட். கடையில் விரலால் தட்டிப் பார்த்து, மேல்தோல் கொஞ்சம் தடிப்பாக, ஓட்டை இல்லாமல் இருக்கும் துண்டாகப் பார்த்து எடுக்கிறேன். குறுக்கே வெட்டும்போது சிராய் பெயரும், அதைத் தவிர்க்க முதலில் கத்தியால் கோட்டின் இரு பக்கமும் கீறிவிட்டுத்தான் உளியை வைக்க வேண்டும். ஒருமுறை பாதி செதுக்கிய பிளைவூட்டை மார்கழியில் விறாந்தையில் விட்டுவிட்டேன், மூன்றாம் நாள் புத்தகம் மாதிரித் தாள் தாளாகப் பிரிந்து கிடந்தது.

ஆனாலும் மரத்தில் ஒன்று இருக்கிறது, லினோவில் அது வரவே வராது. மரத்தின் ரேகை. வெட்டாமல் விட்ட கறுப்புப் பகுதியைக் கம்பி பிரஷால் ரேகையோடு நாலுதரம் இழுத்துவிட்டு மை பூசினால், கடல் படத்தில் நீர் தானாக ஓடும். கோணேசர் மலைக்குக் கீழே தெரியும் கடலை நான் அப்படித்தான் எடுத்தேன், ஒரு கோடுகூடக் கீறவில்லை. முதலாம் உலகப் போரில் மகனைப் பறிகொடுத்த ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ், அந்தத் துக்கத்தைச் சொல்ல ஏற்கெனவே கைவந்த செப்புத் தகட்டை விட்டு மரத்துக்கு வந்தார். அந்த முரட்டு வெட்டு மரத்தில்தான் கிடைக்கும்.

லினோ இதற்கு நேரெதிர். ஆளிவிதை எண்ணெய், தக்கைத் தூள், பின்பக்கம் சணல் துணி. 1860களில் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் வால்டன் தரைவிரிப்பாகக் கண்டுபிடித்தது. ரேகை இல்லை, எந்தப் பக்கமும் ஒரேமாதிரி வெட்டுப்படும். குளிர் நாடுகளில் இஸ்திரிப்பெட்டி வைத்துச் சூடாக்கி வெட்டுவார்கள், எங்களுக்கு வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் வெண்ணெய். தமிழ் எழுத்துக்கு லினோதான் என்று அடித்துச் சொல்வேன், "ணை", "ழு" போன்ற சுழிகளில் பிளைவூட் கட்டாயம் சிராய் தட்டும். (எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செதுக்க மறந்துவிடாதீர்கள். "கோணமலை" என்று நேராக வெட்டி, அடித்துப் பார்த்துவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தவன் சொல்கிறேன்.) லினோ சின்னப்பிள்ளை வேலை என்பவர்கள், பிக்காசோ ஒரே தகட்டை மேலும் மேலும் வெட்டிப் பல நிறம் அடித்ததைப் போய்ப் பார்க்கட்டும்.

சிக்கல் என்னவென்றால், இங்கே நல்ல லினோ கிடைப்பதில்லை, வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டும். ஹார்ட்வெயாரில் "லினோலியம்" என்று தருவது பெரும்பாலும் பிளாஸ்டிக் தரைவிரிப்பு, உளி வழுக்கும். பழைய லினோ என்றால் காய்ந்து பிஸ்கட் மாதிரி உதிரும்.

இனி அச்சடிப்பது. பிரஸ் இல்லையே என்று அழ வேண்டாம், 868இல் சீனாவில் அச்சான வைர சூத்திரம் என்ற பௌத்த நூல் சுருளுக்கும் பிரஸ் கிடையாது. எனக்கு வழுவழுப்பாகத் தேய்த்த சிரட்டையின் முதுகு போதும். பட்டம் கட்டும் டிசுத்தாளை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தால், தாளின் பின்பக்கமே கறுத்துப் படம் தெரியும், எங்கே மை பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு அங்கே மட்டும் திரும்ப அழுத்தலாம். ஏ3 அளவில் ஒன்றுக்கு இருபது நிமிடம். இருபது பிரதி என்றால் தோள்மூட்டு கழன்றுவிடும். சதுர மீற்றருக்கு 200 கிராமுக்கு மேற்பட்ட தடித்த அட்டை என்றால் சிரட்டைக்குச் சரிவராது, பிரஸ்தான்.

வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் அடித்து, லொறி ஜாக் ஒன்று வைத்தால் பிரஸ் தயார். ஒரு பிரதிக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான். ஆனால் கச்சானில் வளைந்த பலகையை அதற்குள் வைத்தால் "டக்" என்று பிளக்கும், எனக்கு ஒன்று போனது. சிரட்டை வளைவோடு வளைந்து போகும். அதனால்தான் சொல்கிறேன், இவற்றைத் தனித்தனியாகத் தெரிவு செய்ய முடியாது. மரப்பலகை, டிசுத்தாள், சிரட்டை ஒரு குடும்பம். லினோ, தடித்த அட்டை, பிரஸ் இன்னொரு குடும்பம்.

மை விஷயத்தில் காற்றுதான் எஜமான். தண்ணீர் மை கழுவ இலகு, ஆனால் கச்சானில் ரோலரை எடுத்துப் பலகைக்குக் கொண்டுபோவதற்குள் தோல் கட்டிவிடும், பார்மசியில் வாங்கிய கிளிசரின் சில சொட்டு விட்டால் கொஞ்சம் தாங்கும். எண்ணெய் மைக்கு நான் அச்சகங்களில் பாவிக்கும் ஓப்செட் மையையே எடுக்கிறேன், ஒரு கிலோ டின் ஆண்டுக்கணக்கில் வரும். கச்சானில் இரண்டு நாளில் காயும். மார்கழியில் ஒரு கிழமை கழித்தும் விரலில் ஒட்டியது. கழுவுவதற்குத் தேங்காயெண்ணெய் நல்லது, மையை இளக்க மட்டும் அதை விடாதீர்கள், ஒருநாளும் காயாது. காயப்போடும் இடத்தையும் பாருங்கள், கோட்டைப் பக்கத்து மான் ஒன்று என் ஈரப்பிரதி ஒன்றைப் பாதி தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

அந்தத் தங்கச்சிக்குத் தைப்பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வேண்டுமாம், அறுபது, எழுத்தும் வருமாம். அப்படியென்றால் மார்கழி வேலை, லினோ, பிரஸ், தண்ணீர் மை என்று சொல்லிவிட்டேன். பிரஸ்ஸை வந்து பாவிக்கலாம். வளைவு உளி இரவல் கேட்டார், அது மட்டும் தர மாட்டேன்.