எதையும் மறைக்காத சினாப்டிக்

டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் மென்பொருள் நிறுவுவதற்கான வரைகலைச் செயலிகளுள் சினாப்டிக் மூத்தது. பிரேசிலின் கொனெக்டிவா நிறுவனத்தில் அல்ஃபிரெடோ கோஜிமா எழுதத் தொடங்கிய இது, இன்று மென்பொருளை நிறுவியும் நீக்கியும் தரும் ஆப்ட் என்னும் அடிப்படைக் கட்டளைக் கருவியின் முகப்பாக இயங்குகிறது. உபுண்டு 2011-இல் வெளியிட்ட 11.10 பதிப்பிலிருந்து இதை இயல்பு நிறுவலில் சேர்ப்பதில்லை என்றாலும், அதன் இணைய மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எவரும் நிறுவிக்கொள்ளலாம்.

தோற்றத்தில் இது பழைய அலுவலகப் பதிவேட்டை ஒத்தது. பெரிய படங்களோ பரிந்துரைகளோ வரவேற்பதில்லை. ஆனால் குனோம் சாப்ட்வேர் போன்ற செயலிகள், உரிய விவரக்கோப்பு உள்ளவற்றை மட்டுமே பட்டியலிடுவதால், களஞ்சியத்தின் பெரும்பகுதி அவற்றில் தென்படுவதில்லை. டெபியன் 12-இல் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள், அதாவது நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்புகள், உள்ளன. வருடிய பக்கங்களிலிருந்து தமிழ் எழுத்துகளைப் பிரித்தெடுக்க டெசராக்ட் நிரலோடு தமிழுக்கான தரவுப் பொதியும் தனியாகத் தேவைப்படுகிறது. சினாப்டிக்கில் டெசராக்ட் என்று தேடினால், ஒவ்வொரு மொழிக்குமான பொதி வரிசையாக வந்து நிற்கிறது.

இதன் உண்மையான சிறப்பு, ஒரு பொதியைத் தேர்ந்தவுடன் அதை நிறுவிவிடாமல் குறித்து மட்டும் வைப்பதில் இருக்கிறது. அது இயங்கத் தேவையான சார்புப் பொதிகள் எவையெவை உடன் வரும், எவை நீக்கப்படும், எத்தனை மெகாபைட் இறங்கும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பவற்றையெல்லாம் காட்டி, நாம் ஒப்புதல் அளித்த பின்னரே வேலையைத் தொடங்குகிறது. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் சிறிய நிரல் நூலகம் ஒன்றை நீக்க முயலும்போது மேசைத்தளத்தின் பாதியும் நீக்கப்பட்டியலில் சேர்ந்திருப்பதைக் கண்டு, அங்கேயே நிறுத்திவிட முடிகிறது. அந்தப் பட்டியலைப் படிக்காமல் ஒப்புதல் தருபவரை இச்செயலியாலும் காப்பாற்ற இயலாது. அமைவுக்கோப்புகளை விட்டுவைத்து நீக்குவதும், அவற்றையும் சேர்த்து முழுமையாக நீக்குவதும் தனித்தனி வாய்ப்புகளாகத் தரப்பட்டுள்ளன. செய்த மாற்றங்கள் நாள்வாரியாக வரலாற்றுப் பகுதியில் பதிவாவதால், நேற்று வரை இயங்கிய ஒன்று இன்று ஏன் இயங்கவில்லை என்று ஆராய்பவருக்கு அது பெரிதும் உதவும்.

இணையமில்லாத கணினிக்காக இதில் ஒரு வசதி உண்டு. தேவையான பொதிகளைக் குறித்துவிட்டுப் பதிவிறக்க நிரல்வரி ஒன்றை உருவாக்கலாம். அதை இணைப்புள்ள வேறொரு லினக்ஸ் கணினியில் இயக்கிக் கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுவந்து சேர்த்தால் போதும். அதிகம் பேசப்படாத இவ்வசதிக்காகவே இதை ஒரு பள்ளி ஆய்வகத்துக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உள்ளன. ஒரு பொதியின் பதிப்பைப் பூட்டினால், அந்தப் பூட்டைச் சினாப்டிக் மட்டுமே மதிக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்திலிருந்து ஆப்ட் கட்டளையால் மேம்படுத்தும்போது அது மீறப்பட்டுவிடும். ஆப்ட்டுக்கு வெளியே மென்பொருளை வழங்கும் ஃபிளாட்பேக், ஸ்னாப் வடிவங்களை இது அறியவே அறியாது. உபுண்டு 22.04-இல் ஃபயர்பாக்ஸைக் குறித்தால், இறங்கும் சிறிய பொதி உண்மையில் ஸ்னாப் வடிவத்தை வரவழைக்கும் இடைமாற்றுப் பொதியே. ஆகவே சினாப்டிக் காட்டும் அளவு அங்கே பொருந்தாது. உபுண்டுவில் உலாவியை மட்டும் நிறுவ வந்தவருக்கு அதன் சொந்தச் செயலி மையமே போதுமானது. டெபியனிலோ மின்ட்டிலோ தம் கணினிக்குள் என்ன நுழைகிறது என்று பார்த்து அனுமதிக்க விரும்புபவர், சினாப்டிக்கையே முதலில் நாடலாம்.