அப்பாவின் திங்க்பேடும் ரிச்சி தெருவும்

பொங்கலுக்குக் கும்பகோணம் போனபோது அம்மா பரணிலிருந்து ஒரு பையை இறக்கச் சொன்னாள். உள்ளே அப்பாவின் ஐபிஎம் திங்க்பேட். நான் மெல்பர்ன் போன புதிதில், அலுவலகத்தில் கழித்த மடிக்கணினி ஒன்றை வாங்கி வந்து அவருக்குக் கொடுத்தேன். அதுதான் இது. "குடும்பக் கதையெல்லாம் இதுலதான் தட்டி வச்சிருக்கார். எப்படியாவது எடுத்துக் குடும்மா" என்றாள். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

முதலில் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் டைப் 2645 என்று இருந்தது. திங்க்பேட் 600 வரிசைக்கான எண் அது. எங்களுடையது 1990களின் கடைசியில் வந்த 600ஈ. அதே சீட்டில் 16 வோல்ட் என்றும் போட்டிருந்தது.

இதைக் குறித்துக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. ஊரில் ஒரு கடையில் காட்டியதும், அங்கிருந்தவர் மேசையில் கிடந்த 19 வோல்ட் சார்ஜரை எடுத்துச் செருகப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். "காயலான் கடைக்குத்தான் போகும் மேடம். வச்சிட்டுப் போங்க, ஃபார்மேட் பண்ணிப் பாக்கறோம்" என்றார். ஃபைல் வேண்டும் என்று கேட்கிறவரிடம் சொல்கிற வார்த்தையா அது? ஃபார்மேட் செய்தால் எல்லாமே அழிந்துபோகுமே! எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நல்லவேளை, பையின் அடியில் பழைய சார்ஜரே இருந்தது. மாட்டி ஆன் செய்ததும் இரண்டு பீப் சத்தம். திரையில் 161, 163 என்று வந்தது. பயந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்துபோய், தேதியும் நேரமும் மறந்துபோனதைத்தான் அது சொல்கிறது. தேதியைப் போட்டதும் விண்டோஸ் 98 மெல்ல எழுந்தது. மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன்: பென்டியம் டூ, 64 எம்பி ரேம். அப்பாவின் ஃபோல்டர் 38 எம்பி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் சிக்கல். யூஎஸ்பி துளை ஒன்று இருக்கிறது, ஆனால் பென் டிரைவைச் செருகினால் டிரைவர், அதாவது அதை அடையாளம் கண்டு இயக்கும் மென்பொருள், கேட்கிறது. விண்டோஸ் 98இல் பென் டிரைவுக்கான பொது டிரைவர் கிடையாது. ஃபிளாப்பியில் எடுக்கலாம் என்றால், ஒன்றில் 1.44 எம்பிதான் பிடிக்கும். 27 ஃபிளாப்பி வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் பூசணம் பிடித்துக் கிடந்தது. உள்ளே இருக்கும் அந்த வயதான ஹார்ட் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிடவும் மனசில்லை. அணைத்து வைத்துவிட்டேன்.

காணும் பொங்கல் முடிந்து, ஞாயிற்றுக்கிழமையும் கழிந்தபின், உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோவில், கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு முனையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். நாலாவது, மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை அகலத்துக்கு ஒரு கடை. இருபத்தைந்து வயதுகூட இருக்காத தம்பி. என் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "பவர் போட வேணாம்க்கா. டிஸ்க்க மட்டும் வெளிய எடுப்போம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

என் கண் முன்னாலேயே ஸ்க்ரூவைக் கழற்றி டிஸ்க்கை உருவினார். ஐபிஎம் டிராவல்ஸ்டார், 6.4 ஜிபி. இப்போதைய சாட்டா கேபிள் இதற்குப் பொருந்தாது. இது ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பு, 44 பின். பக்கத்தில் சின்ன இடைவெளி விட்டு ஜம்பர் என்ற குட்டி இணைப்புத் துண்டுக்கென்று இன்னும் நாலு பின் நீட்டிக்கொண்டிருக்கும். கனெக்டரை ஒரு வரிசை தள்ளிச் செருகிவிட்டால் டிஸ்க்கே போய்விடலாம். தம்பி போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு பின் சாய்ந்திருந்தது. ஊசியை உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெல் முனை அளவுக்கு நெம்பி நிமிர்த்தினார். "நடுவுல ஒண்ணு இருக்காதுக்கா, இருபதாவது. அத வச்சுத்தான் திசை பாக்கணும்" என்று காட்டிவிட்டுத்தான், இப்போதைய கணினியோடு இணைக்கும் அடாப்டரில் செருகினார்.

டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டது. அவருடைய கணினியில் சி டிரைவ் அப்படியே திறந்தது. அப்பாவின் ஃபோல்டரை மட்டும் எடுக்கப் போனவரிடம், மொத்த டிஸ்க்கையும், முக்கியமாக விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸையும் எடுக்கச் சொன்னேன். காரணம் இருக்கிறது. ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன்னால் தட்டிய தமிழ், எழுத்துரு இல்லாமல் திறந்தால் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்தாகத்தான் தெரியும். ஃபைல் கிடைத்தும் எழுத்துருவைத் தொலைத்துவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இருபது நிமிடத்தில் எல்லாம் என் எஸ்எஸ்டியில் இருந்தது. அடாப்டருக்கு 550, கூலி 200 என்றார். 500 ரூபாயைக் கூலியாக நீட்டினேன். 300ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொண்டுபோகும் வழியில் அடிபடாமல் இருக்க, டிஸ்க்கைப் பஞ்சு உறையில் சுற்றியும் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே சர்வீஸ் சரியில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மெல்பர்னில் இந்த வேலைக்கு ஆள் தேடியிருந்தால் என் விடுமுறைதான் தீர்ந்திருக்கும்.

அன்றிரவே கும்பகோணம் திரும்பினேன். அப்பா தட்டியது திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையின் எழுத்துருவில். என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மாற்றும் மென்பொருளில் போட்டதும் ஒருங்குறியாகிவிட்டது. அம்மாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். 1977 நவம்பர் புயல் பற்றி ஒரு பத்தி. கொல்லையில் மாமரம் வேரோடு சாய்ந்து, கிணற்றடிச் சுவர் இடிந்தது என்று எழுதியிருந்தார்.

"மாமரம் இல்லை, புன்னை" என்றாள் அம்மா. "மாமரம் அதுக்கப்புறம்தான் வச்சோம். அடுத்ததைப் படி."