டிஎஸ்டியா, பிஇஎஸ்ஸா: எம்பிராய்டரி டிசைன் வாங்குமுன்

காங்கயத்துச் சிநேகிதி ஒருத்தி புதிதாக எம்பிராய்டரி மெஷின் வாங்கியிருக்கிறாள். “ஏனுங்க அக்கா, டிசைன் வெலைக்கு வாங்கறப்ப எந்த ஃபைலுங்க கேக்கோணும்?” என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எம்பிராய்டரி டிசைன் ஃபைல் வகைகளில் ஒன்றான டிஎஸ்டியின் பேரைக் கேட்டாலே எனக்குச் சுர்ரென்று ஏறும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது ஒற்றை ஊசி வீட்டு மெஷின். ஃப்ரேம் 100-க்கு 100 மில்லிமீட்டர். பிஇஎஸ், டிஎஸ்டி என்ற இரண்டு வகை ஃபைலையும் படிக்கும். கோபியில் முகூர்த்த சீசனில் பிளவுஸ் வேலை, மற்ற நாளில் பனியனுக்கு லோகோ. மெஷினைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

புகாரெல்லாம் நிறத்தைப் பற்றித்தான். டிஎஸ்டிக்குள் நிறம் என்பதே கிடையாது. ‘இங்கே நில், நூலை மாற்று’ என்று மட்டும் இருக்கும். எந்த நூல் என்று இருக்காது. ஊர் நோம்பிக்குப் பனியனில் காங்கயம் காளை போட வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய டிசைனைக் கம்ப்யூட்டரில் திறந்தால் திமில் பச்சை, கொம்பு ரோஸ், கண் மஞ்சள். சாஃப்ட்வேர் தன் இஷ்டத்துக்குப் பூசி வைத்திருக்கிறது. சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், எந்த நிறுத்தத்துக்கு அப்புறம் மூக்கணாங்கயிறு வருகிறது, எதற்கு அப்புறம் குளம்பு வருகிறது என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதே கறுப்பு நூல் நடுநடுவே திரும்பத் திரும்ப வரும். விற்றவரிடம் கலர் சார்ட் கேட்டதற்கு, “படத்தைப் பார்த்துப் போட்டுக்குங்க” என்றார். படத்தைப் பார்த்து நானே போடுவதென்றால் அவருக்கு எதற்குக் காசு?

நியாயமாகப் பேசினால் டிஎஸ்டி நமக்காகச் செய்தது அல்ல. ஜப்பானின் தஜிமா கம்பெனி மெஷின்களுக்கானது. காகித நாடாவில் துளை போட்டு டிசைன் கொடுத்த காலத்தின் வாரிசு. திருப்பூரில் பல ஹெட் மெஷின் (ஒரே டிசைனைப் பல துணியில் ஒரே நேரத்தில் போடும் பெரிய மெஷின்) ஓட்டுகிறவர்கள் எந்த ஊசியில் எந்த நூல் கோன் என்று பேனலிலேயே வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு ஃபைலில் நிறம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. ஒற்றை ஊசியில் ஒவ்வொரு தடவையும் கையால் நூல் கோக்கும் நம்மைப் போன்றவர்கள்தான் முழிக்கிறோம்.

“பிஇஎஸ்ஸாக மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே?” என்று கேட்பார்கள். மாற்றலாம். ஆனால் முதலிலேயே இல்லாத நிறம் மாற்றுவதால் எங்கிருந்து வரும்? பிரதர் மெஷின்களின் பிஇஎஸ்ஸிலும், ஜனோமியின் ஜேஇஎஃப்பிலும் நிறம் உண்டு. மெல்கோவின் இஎக்ஸ்பி டிஎஸ்டிக்குப் பங்காளி, அதிலும் கிடையாது. நிறத்தோடு நூல் வெட்டும் சங்கதியும் இருக்கிறது. டிஎஸ்டியில் ‘வெட்டு’ என்று தனிக் கட்டளை இல்லை. தையல் போடாமல் தாவும் அசைவு தொடர்ந்து இத்தனை வந்தால் வெட்டலாம் என்று மெஷினோ சாஃப்ட்வேரோ கணக்கு வைத்துக்கொள்ளும். ஒரு அசைவு 12.1 மில்லிமீட்டருக்கு மேல் போகாது என்பதால், நீளமான தாவலும் பல துண்டாகத்தான் வரும். இந்தக் கணக்கு தப்பினால் வெட்ட வேண்டிய இடத்தில் நூல் நீளமாகத் தொங்கும், தேவையில்லாத இடத்தில் வெட்டிப்போட்டு முடிச்சு விழும். ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு “கன்வெர்ட் பண்ணிட்டேன்” என்று அனுப்புகிறவர்களும் உண்டு. அவர்களை என்ன சொல்ல.

மாற்றும் வேலைக்கு நான் வைத்திருப்பது இங்க்ஸ்டிச். இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் சாஃப்ட்வேருக்குள் ஓடும், இலவசம். இதைப் பாராட்டியே ஆக வேண்டும். நூல் கம்பெனிகளின் நிற அட்டவணை உள்ளேயே இருக்கிறது. நிறத்தைச் சரிசெய்துவிட்டு, வேண்டிய ஃபார்மேட் எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகச் சேமிக்கலாம். ஆனால் டிஎஸ்டியைத் திறந்தால் இதிலும் கிடைப்பது தையல் புள்ளிகள்தான், வடிவம் அல்ல. பத்து சதவீதம் கூட்டிக் குறைத்தால் தாங்கும். அதற்கு மேல் சுருக்கினால் தையல் நெருக்கியடித்து ஊசி உடையும், பெரிதாக்கினால் இடைவெளியில் துணி எட்டிப்பார்க்கும். போட்டோவை அனுப்பி “மாத்திக் குடுங்க” என்று கேட்பது வேறு கதை. அதற்குப் பஞ்சிங் போட வேண்டும், அதாவது படத்தைப் பார்த்துத் தையலாகப் புதிதாக அமைக்க வேண்டும், கூலி தனி.

இத்தனை திட்டினாலும் டிஎஸ்டியில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். கிறுக்கலுக்கு மேலே, முதல் 512 பைட்டுக்குள் படிக்கிற மாதிரி சில வரிகள் இருக்கும். எஸ்டி என்றால் மொத்தத் தையல், சிஓ என்றால் எத்தனை தடவை நிறம் மாறுகிறது. பிளஸ் எக்ஸ், மைனஸ் எக்ஸ் இரண்டையும் கூட்டினால் அகலம், ஒய்க்கும் அப்படியே உயரம். கணக்கு 0.1 மில்லிமீட்டரில் என்பதால், அகலமோ உயரமோ 1000-ஐத் தாண்டினால் என் ஃப்ரேமில் அடங்காது. எந்த சாஃப்ட்வேரும் இல்லாமல், ஒரு டிசைனுக்கு எவ்வளவு கூலி சொல்லலாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

ஆக, சிநேகிதிக்குச் சொன்னது இதுதான். இரண்டில் ஒன்றுதான் தருவேன் என்று விற்பவர் அடம்பிடித்தால் டிஎஸ்டியையே வாங்கு. ஆமாம், இவ்வளவும் எழுதிவிட்டுத்தான் சொல்கிறேன். நாளைக்கு வேறு கம்பெனி மெஷின் வாங்கினாலும் அது ஓடும் வாய்ப்புதான் அதிகம். பெரிய ஆர்டர் வந்து திருப்பூருக்கு ஜாப் ஒர்க் அனுப்பினாலும் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் கலர் சார்ட் கைக்கு வராமல் ஜிபே பண்ணாதே. பஞ்சிங் போட்டவரிடம் வில்காம் என்ற டிசைன் சாஃப்ட்வேரின் இஎம்பி ஃபைலையும் கேட்டுப் பார். அதில் வடிவமே இருக்கும், அளவை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். பெரும்பாலும் தரமாட்டார்கள், தந்துவிட்டால் அடுத்த தடவை அளவு மாற்ற அவரிடம் ஏன் போகப்போகிறோம்?