திவால் மனுவில் மருந்துச் செலவு: தலைக்கு இவ்வளவு என்று எழுதுவதா, ரசீதோடு எழுதுவதா?

அமெரிக்காவில் சாப்டர் 7 (கடன்களைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் திவால் மனு) போடும் குடும்பம் மருத்துவச் செலவைக் காட்ட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வரித்துறையான ஐஆர்எஸ் தலைக்கு இவ்வளவு என்று வைத்திருக்கும் தொகையை அப்படியே எடுத்துக்கொள்வது. 65 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மாதம் 80 டாலர் சொச்சம், 65 ஆனவருக்கு அதைவிடக் கணிசமாக அதிகம், ரசீது தேவையில்லை. இன்னொன்று, அதற்கு மேல் உண்மையில் ஆகிற செலவைப் படிவம் 122ஏ-2-இல் 22ஆம் வரியில் தனியாக எழுதுவது. இதற்குக் காகிதம் வேண்டும். அந்த அலுப்புக்குப் பயந்து நாங்கள் முதல் வழியோடு நிற்கப் பார்த்தோம், நல்லவேளை நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் நாலு பேர், சின்னவளுக்கு டைப் 1 சர்க்கரை. தலைக்கு 85 டாலர் என்று வைத்தால்கூட மாதம் 340 தான் வரும். ஆனால் இன்சுலின், சென்சார், பம்புக்கான குழாய், டாக்டர் கோ-பே எல்லாம் சேர்த்து எங்களுக்கு மாதம் 720 ஆனது. 340-க்கு மேல் ஆகிற இந்த 380 தான் 22ஆம் வரிக்குப் போவது. கடனைக் கட்ட வசதி இருக்கிறதா என்று இந்தப் படிவத்தில் பார்க்கும் மீன்ஸ் டெஸ்டில் மாதக் கணக்கை 60 மாதத்தால் பெருக்குகிறார்கள், அப்படிப் பார்த்தால் 22,800 டாலர். கழிவுகள் எல்லாம் போக 60 மாதத்தில் கையில் நிற்கும் தொகை 17,150 டாலரைத் தொட்டால் (2025 ஏப்ரல் முதல் உள்ள வரம்பு இது) சாப்டர் 7-ஐத் தவறாகப் பயன்படுத்துவதாகச் சட்டமே அனுமானித்துக்கொள்ளும். ஆக, இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் மூன்று முதல் ஐந்து வருஷம் தவணை கட்டும் சாப்டர் 13-க்குப் போக வேண்டிவரலாம். ஆறு மாதச் சராசரி வருமானம் உங்கள் மாநிலத்தின் மீடியன் (நடுமட்ட) வருமானத்துக்குள் இருந்தால் இந்தப் படிவமே வேண்டாம். அப்போது மாதச் செலவுகளை எழுதும் ஷெட்யூல் ஜே-யில் மருத்துவச் செலவு வரியைச் சரியாக எழுதினால் போதும்.

சரி, எந்தக் காகிதம்? நாங்கள் முதலில் அள்ளியது இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஈ.ஓ.பி-களை, அதாவது ஒவ்வொரு சிகிச்சைக்கும் யார் பங்கு எவ்வளவு என்று விளக்கும் தாள்களை. சாப்பாட்டு மேஜை நிறைய பரப்பி இரண்டு நாள் அடுக்கினோம். ஒவ்வொன்றிலும் ‘இது பில் அல்ல’ என்று அச்சடித்திருக்கிறது, நாங்கள்தான் அதைக் கவனிக்கவில்லை. நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று அது சொல்லும், கட்டினீர்களா என்று சொல்லாது. பேங்க் ஸ்டேட்மென்ட் இதற்கு நேர் எதிர்: கட்டியது தெரியும், எதற்கு என்று தெரியாது. மருந்துக்கடையில் 64 டாலர் என்றால் அது இன்சுலினாகவும் இருக்கலாம், ஷாம்பூவாகவும் இருக்கலாம்.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விட உருப்படியானது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வருஷப் பட்டியல்தான். தேதி, மருந்தின் பெயர், நாம் கொடுத்த தொகை எல்லாம் ஒன்றிரண்டு தாளில் வந்துவிடும். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நாங்கள் விழுந்தோம்: ஹெச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) கார்டில் கட்டியதும் அதே பட்டியலில் வந்துவிடும், ஆனால் அதை 22ஆம் வரியில் சேர்க்கக் கூடாது. எங்கள் பட்டியலில் மூன்று மாதம் அப்படி இருந்ததை வக்கீல் கண்டுபிடித்துக் கழித்தார். அதே போல இன்ஷூரன்ஸ் பிரீமியமும் இங்கே வராது, அதற்கு 25ஆம் வரி. சென்சார் மாதிரி மருந்துக்கடைக்கு வெளியே வாங்குவதற்குச் சப்ளை கம்பெனியின் ரசீது, குழந்தைக்கு இது தொடர்ந்து தேவை என்று டாக்டர் தரும் ஒரு கடிதம், இவ்வளவும் சேர்ந்தால் ஈ.ஓ.பி மூட்டையைத் தேவைப்படும்போது பிரித்தால் போதும்.

அப்புறம் எத்தனை மாதத்துக்கு? வருமானத்துக்கு ஆறு மாதம் பார்க்கிறார்கள் என்று செலவையும் ஆறு மாதத்துக்கு எடுத்தால் கணக்கு கோணலாகிவிடும். ஜனவரியில் டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) புதிதாகத் தொடங்குவதால் வருஷ ஆரம்பத்தில் எல்லாம் நம் கையிலிருந்து போகும், அது நிரம்பிய பிறகு செலவு இறங்கும். முதல் பாதியை மட்டும் காட்டினால் ‘இவ்வளவா?’ என்று கேள்வி வரும், பின்பாதியை மட்டும் காட்டினால் நமக்குத்தான் நஷ்டம். பன்னிரண்டு மாதத்தைக் கூட்டி வகுப்பதுதான் நேர்மையான எண். மனு போட்ட பிறகும் அந்தச் செலவு தொடரும் என்று சொல்ல முடிய வேண்டும், ஏற்கெனவே முடிந்துபோன பல் வைத்தியத்தை அதில் சேர்க்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் நிலுவையாக நிற்கும் பில் வேறு கதை. அது செலவு இல்லை, கடன். ஈடில்லாக் கடன்களைப் பட்டியலிடும் ஷெட்யூல் இ/எஃப்-இல் போக வேண்டியது, சாதாரணமாக மற்ற ஈடில்லாக் கடன்களோடு சேர்ந்து தள்ளுபடியாகிவிடும். அதற்கு மாதம் கட்டிவந்த 150 டாலர் தவணையைச் செலவாக எழுதப்போனவர்களை எனக்குத் தெரியும்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் மருந்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள் 26ஆம் வரியைப் பாருங்கள். முதியவர், நாள்பட்ட நோயாளி, ஊனமுற்றவர் என்ற நிலையில், தாங்களே செலவு செய்ய முடியாத நெருங்கிய குடும்பத்தாரைச் சட்டம் இங்கே சொல்கிறது, அந்தப் பட்டியலில் பெற்றோர் பெயரிட்டே இருக்கிறார்கள். பணம் அனுப்பிய ரசீதை மட்டும் காட்டினால் அது அன்பளிப்பு போலத்தான் தெரியும். மதுரை மருந்துக்கடை பில்லும் அங்குள்ள டாக்டர் சீட்டும் மாதம் மாதம் அதோடு பொருந்தி நிற்க வேண்டும், அப்போதும் ஏற்பதா என்று ட்ரஸ்டி (மனுவைச் சரிபார்க்க நியமிக்கப்படுபவர்) கேள்வி கேட்கலாம்.

இந்த ரசீதுகளை நீங்களாகக் கோர்ட் கோப்பில் ஏற்றிவிடாதீர்கள். கோப்பு பொதுமக்கள் பார்க்கக்கூடியது. வக்கீலிடமும் ட்ரஸ்டியிடமும் கொடுங்கள். கோர்ட்டுக்கே போக வேண்டிய தாள் என்றால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் கடைசி நாலு இலக்கம், பிள்ளையின் பெயரில் முதலெழுத்துகள், இவ்வளவுதான் தெரியலாம்.

மனு போட்டவரை ட்ரஸ்டி நேரடியாகக் கேள்வி கேட்கும் 341 கூட்டம் எங்களுக்கு ஜூமில் நடந்தது. ட்ரஸ்டி மருந்துப் பட்டியலைத் திரையில் உருட்டிக்கொண்டே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பிப்ரவரியில் ஏன் இவ்வளவு அதிகம்?” டிடக்டிபிள் என்றார் என் கணவர், அந்த மாத ஈ.ஓ.பி ட்ரஸ்டியிடம் ஏற்கெனவே இருந்தது. அடுத்த கேள்வி காரைப் பற்றி.