வீட்டு மின்சாரத்தைக் கண்காணிக்க எந்த கேட்வே? நான்கு வழிகளின் ஒப்பீடு

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தை அளந்து பார்க்கும் ஆசை பெரும்பாலும் 500 யூனிட் என்ற கோட்டில்தான் பிறக்கிறது. இரண்டு மாதக் கணக்கில் 500 வரை ஒரு கட்டண அட்டவணை. 501 ஆனால் வேறு அட்டவணை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். பிறகு கட்டணம் ஏறிவிட்டது, ஆனால் கோட்டைத் தாண்டினால் மலிவான அடுக்கு பறிபோகும் ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் ஸ்மார்ட் பிளக், ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் சி.டி. கிளாம்ப் என்று ஆளுக்கொன்று வாங்குகிறோம். அவையெல்லாம் எதன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்கு வரப்போகின்றன என்ற யோசனை வாங்கிய பிறகுதான் வருகிறது. மீட்டரிடமும் பிளக்கிடமும் அளவை வாங்கி வை-ஃபை, ஈதர்நெட் பக்கம் தருவதும், அங்கிருந்து வரும் கட்டளையைக் கீசருக்கோ மோட்டாருக்கோ கொண்டுபோவதும் கேட்வேயின் வேலை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளக்கிற வேலையையும் ஆன்-ஆஃப் செய்கிற வேலையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அளவு பத்து நிமிடம் வராவிட்டால் வரைபடத்தில் ஒரு ஓட்டை விழும், அவ்வளவுதான். ஓவர்ஹெட் டேங்க் நிரம்பியபின் மோட்டாரை நிறுத்தும் கட்டளை பத்து நிமிடம் வராவிட்டால் மொட்டைமாடி முழுக்கத் தண்ணீர். அதனால் கீழே வரும் ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: இன்டர்நெட் போனால் எது ஓடும், எது நிற்கும்?

வை-ஃபை பிளக்கும் கம்பெனி ஆப்பும்

இதில் தனி கேட்வே கிடையாது. பிளக் நேராக உங்கள் ரவுட்டரோடு பேசும். உண்மையான கேட்வே ஏதோ ஒரு ஊரில் இருக்கும் அந்தக் கம்பெனியின் சர்வர். ஹாலில் உட்கார்ந்துகொண்டு பெட்ரூம் ஏ.சி.யை அணைத்தாலும் கட்டளை பல நேரம் அந்த சர்வர் வரை போய்த்தான் திரும்பி வருகிறது.

வசதிக்குக் குறைவில்லை. 16 ஆம்பியர் பிளக் என்றால் 230 வோல்ட்டில் 3,680 வாட் வரை கணக்கு. 2,000 வாட் கீசருக்குத் தாராளம். கால் மணி நேரத்தில் மாட்டிவிடலாம், எலக்ட்ரீஷியன் வேண்டாம். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். வாடகை வீட்டுக்காரர் இதைத் தாண்டி யோசிக்கத் தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

இடிப்பது இரண்டு இடத்தில். பிளக்கில் மாட்டாததை அது பார்க்காது: சுவரில் ஓடும் ஃபேன், லைட், போர் மோட்டார் எல்லாம் கணக்குக்கு வெளியே. கீசரும் ஏ.சி.யும் எவ்வளவு தின்றன என்று தெரியும், வீடு 500-க்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாது. இன்னொன்று, நெட் போனால். பல பிளக்குகளில் டைமர் உள்ளேயே பதிந்திருக்கும், அது ஓடிவிடும். ‘இத்தனை யூனிட் ஆனால் கீசரை நிறுத்து’ என்ற மாதிரி விதி சர்வரில் இருக்கும், அது ஓடாது.

சர்வரையே இழுத்து மூடிய கதைகளும் உண்டு. ரிவால்வ் என்ற ஹப்பை நெஸ்ட் நிறுவனம் வாங்கி, 2016 மே மாதத்தில் அதன் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய பெட்டி வெறும் பெட்டியானது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. இரண்டும் அமெரிக்கக் கதைதான், ஆனால் நம் கடைகளில் விற்கும் மலிவுப் பிளக்குகளும் அதே ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன.

கம்பெனி ஜிக்பீ ஹப்

இங்கே சின்னதாக ஒரு ஹப் வரும். பிளக்கும் சென்சாரும், வை-ஃபை மாதிரி இன்னொரு கம்பியில்லா முறையான ஜிக்பீயில் ஹப்போடு பேசும், ஹப் ரவுட்டரோடு பேசும். கரண்டில் ஓடும் ஒவ்வொரு ஜிக்பீ பிளக்கும் பக்கத்துக் கருவியின் செய்தியை வாங்கிக் கடத்தும் என்பதால் இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டியும் சிக்னல் போய்விடுகிறது. ரவுட்டர் மேல் சுமையும் குறைவு.

நல்ல ஹப் என்றால் விதிகளைத் தனக்குள்ளேயே வைத்து நெட் இல்லாமலும் ஓட்டும். சுமாரான ஹப் எல்லாவற்றுக்கும் சர்வரைத்தான் பார்க்கும். வாங்கிய அன்றே ஃபைபர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரவுட்டரை மட்டும் ஓடவிட்டு, பிளக் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்புவதைவிட இது உத்தமம். முழு வீட்டையும் அளக்கும் விஷயத்தில் இதுவும் முந்தைய வழி மாதிரிதான், ஜிக்பீயில் சி.டி. வைத்த மீட்டர்கள் உண்டு, ஆனால் அவற்றின் விவரம் கம்பெனி ஆப்புக்குள்ளேயே சிக்கிக்கிடக்கும்.

சொந்தப் பெட்டி: ராஸ்பெரி பையும் ஹோம் அசிஸ்டென்ட்டும்

2013-இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய, வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டென்ட், 2021 ஆகஸ்டில் மின்சாரத்துக்கென்றே தனி டாஷ்போர்டு கொண்டுவந்தது. அதிலிருந்து இந்த வேலைக்கு அதுதான் பொதுவான தேர்வாகிவிட்டது. ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் ஏற்றி, ஜிக்பீ பேசும் ஒரு யு.எஸ்.பி. டாங்கிள் செருகினால் கேட்வே தயார். விதியும் கணக்கும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். நெட் போனாலும் கீசர் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கும்.

அந்த டாங்கிளைப் பையின் நீல நிற யு.எஸ்.பி. 3 துளையில் நேராகச் செருகினால் சிக்னல் நொண்டும். யு.எஸ்.பி. 3 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது, ஜிக்பீயும் அதே இடத்தில்தான் பேசுகிறது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வைத்தால் தீர்ந்தது. வை-ஃபையை சேனல் 1-இல் நிறுத்திவிட்டு ஜிக்பீயை 25-இல் வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளாது. இந்த இரண்டும் தெரியாமல் ‘ஜிக்பீயே சரியில்லை’ என்று சொல்பவர்கள் நிறைய.

இந்தப் பெட்டிக்கும் கரண்ட் செலவு உண்டு. 5 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 7 யூனிட் சொச்சம். 500-க்குள் இருக்கத்தான் இத்தனை பாடு என்றால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டில் ஓட்டினால், நொடிக்கு நொடி எழுதி எழுதிக் கார்டு ஒருநாள் போய்விடும், எஸ்.எஸ்.டி. போடுவது நல்லது. பழைய லேப்டாப் கிடந்தால் அதுவும் போதும், கரண்ட் கொஞ்சம் கூடத் தின்னும், ஆனால் பேட்டரி கூடவே இருக்கிறது.

விலை பணத்தில் மட்டும் இல்லை. அப்டேட் வரும், ஏதாவது ஒன்று உடையும், உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும். வீட்டில் அந்த ஆள் நீங்கள் ஒருவர்தான் என்றால், நீங்கள் வெளியூரில் இருக்கும்போது அம்மா எந்த சுவிட்சை அழுத்திக் கீசர் போடுவார் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். சுவரில் இருக்கும் சாதா சுவிட்ச் எப்போதும் வேலை செய்ய வேண்டும்.

டி.பி. பெட்டிக்குள் மோட்பஸ் மீட்டர்

முழு வீட்டையும் அளக்க எனக்குப் பிடித்தது இதுதான். ஈ.பி. மீட்டருக்குப் பின்னால், எம்.சி.பி.க்கள் இருக்கும் நம் பக்கத்து டி.பி. பெட்டியில், அவை மாதிரியே உள்ளே இருக்கும் உலோகப் பட்டையில் மாட்டும் மீட்டர். மூன்று ஃபேஸுக்கு ஈஸ்ட்ரான் எஸ்.டி.எம். 630 மாதிரி ஒன்று போதும். அதிலிருந்து, மோட்பஸ் என்ற மொழியில் அளவைக் கொண்டுவரும் ஆர்.எஸ்.485 ஒயர் இரண்டு (ஏ, பி) வரும். அதை ஈதர்நெட்டாக மாற்றும் சின்னக் கேட்வேயில் கொடுத்தால், ஹோம் அசிஸ்டென்ட் நேராகப் படித்துக்கொள்ளும்.

ஒயரா, இந்தக் காலத்திலா என்று கேட்கலாம். டி.பி. பெட்டி இரும்பு. உள்ளே வை-ஃபை கருவியை வைத்துக் கதவை மூடினால் சிக்னல் திணறும். அதுவும் மீட்டர் கீழே காம்பவுண்ட் பக்கம், ரவுட்டர் முதல் மாடி என்றால் கேட்கவே வேண்டாம். ஆர்.எஸ்.485 முறுக்கிய ஒயரில் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். 230 வோல்ட் ஒயர் ஓடும் அதே பைப்பில் மட்டும் இதைத் திணிக்காதீர்கள்.

மோட்பஸ் 1979-இல் தொழிற்சாலைகளுக்காக மோடிகான் நிறுவனம் வெளியிட்டது. பழசு, அதனாலேயே பெரும்பாலான சோலார் இன்வெர்ட்டருக்கும் இந்த மாதிரி மீட்டருக்கும் தெரியும். ஆனால் தப்பு நடந்தால் ஏன் என்று சொல்லாது. ஏ, பி ஒயர் மாறியிருந்தால் மௌனம். ஒரு பக்கம் 9,600, மறுபக்கம் 2,400 வேகம் என்றாலும் மௌனம். ஒரே லைனில் இரண்டு மீட்டருக்கும் முகவரி 1 என்றிருந்தால் குழப்பம். எல்லாம் சரியாகி எண் வந்தபிறகும் ஒரு கண்டம் பாக்கி: மீட்டர் 230 வோல்ட் என்ற எண்ணை இரண்டு துண்டாக்கி, இரண்டு பதிவேடுகளில் அனுப்பும். எந்தத் துண்டு முதலில் என்பதை மாற்றிப் படித்தால் வோல்டேஜ் பூஜ்யமாகவோ அர்த்தமில்லாத எண்ணாகவோ தெரியும், மீட்டரின் திரையிலோ 230 என்று அழகாக இருக்கும். மீட்டரைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும் முன் அந்த வரிசையை மாற்றிப் பாருங்கள்.

இதற்கு நேர்ப் போட்டி ஷெல்லி என்ற கம்பெனியுடையது மாதிரி, ஒயரை வெட்டாமல் சி.டி. கிளாம்பைக் கவ்வவிட்டு வை-ஃபையில் பேசும் மீட்டர்கள். சர்வர் தேவையில்லை, கருவிகள் செய்தி அனுப்பிக்கொள்ளும் எம்.க்யூ.டி.டி. முறையில் வீட்டுக்குள்ளேயே அளவு தரும். பெட்டியில் வை-ஃபை கிடைக்கிறது என்றால் பாதி வேலை மிச்சம், நானே சிபாரிசு செய்வேன். மூன்று ஃபேஸ் வீட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளாம்ப் அளப்பது கரண்டை மட்டும்தான். வாட் கணக்குக்கு அதே ஃபேஸின் வோல்டேஜும் வேண்டும். நம் வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் செலக்டர் சுவிட்சைத் திருகி அடுத்த ஃபேஸில் ஓட்டுவது வழக்கம். கிளாம்ப் அந்த சுவிட்சுக்குப் பின்னால் இருந்து, வோல்டேஜ் பழைய ஃபேஸிலிருந்தே வந்தால், 2,000 வாட் கீசர் மைனஸ் 1,000 என்று காட்டும். இரண்டு ஃபேஸுக்கும் நடுவே 120 டிகிரி வித்தியாசம், அதனால்தான் பாதியும் மைனஸும். கூரையில் சோலார் இருந்தால் ‘ஏற்றுமதி ஆகிறது’ என்று சந்தோஷப்பட்டும் விடுவோம். கிளாம்ப்பை எப்போதும் செலக்டருக்கு முன்னால், ஃபேஸுக்கு ஒன்றாகப் போடச் சொல்லுங்கள்.

ஈ.பி. மீட்டரையோ அதன் சீலையோ யாரும் தொடக் கூடாது. தொடாமலே பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது: அதில் மினுக்கும் சிவப்பு விளக்கு. முகப்பில் 3,200 இம்ப்பல்ஸ் என்று போட்டிருந்தால் 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். நொடிக்கு ஒரு மினுக்கு என்றால் வீடு 1,125 வாட் இழுக்கிறது. வெளியே ஒரு ஒளி சென்சாரை ஒட்டி, இ.எஸ்.பி.32 என்ற சின்ன வை-ஃபை போர்டில் எண்ணவிட்டால் மிக மலிவான முழு வீட்டு அளவு கிடைக்கும். பில் போடும் மீட்டரையே எண்ணுவதால் பில்லோடும் ஒத்துப்போகும். வெயில் நேராக விழும் இடமென்றால் மறைப்பு வேண்டும். எந்த ஃபேஸ், வோல்டேஜ் எவ்வளவு என்பதெல்லாம் இதில் தெரியாது.

யாருக்கு எது

வாடகை வீடு, ஒரு கீசர், ஒரு ஏ.சி.: வை-ஃபை பிளக், அதோடு நிறுத்துங்கள். சொந்த வீடு, நோண்டுவதில் ஆர்வமில்லை: நெட் இல்லாமலும் ஓடும் ஜிக்பீ ஹப். சொந்த வீடு, மூன்று ஃபேஸ், மோட்டார், சோலார் இருக்கிறது அல்லது வரப்போகிறது: டி.பி.யில் மோட்பஸ் மீட்டர், மேலே ஹோம் அசிஸ்டென்ட், கட்டுப்படுத்த இரண்டு மூன்று ஜிக்பீ கருவிகள். சோலார் இன்வெர்ட்டருக்கு வரும் வை-ஃபை டாங்கிள் அளவைக் கம்பெனி சர்வருக்கு அனுப்பும். அதே இன்வெர்ட்டரில் பெரும்பாலும் ஆர்.எஸ்.485 முனையும் இருக்கும், அதை இதே கேட்வேக்குக் கொண்டுவந்துவிடலாம். எல்லாக் கம்பெனிக் கருவிகளுக்கும் பொதுவான தரமான மேட்டர், 2024 மேயில் வந்த 1.3 பதிப்பில் மின் அளவையும் சேர்த்துக்கொண்டது. அதை நம்பி இன்று வாங்குவதைத் தள்ளிப்போட மாட்டேன்.

எதை எடுத்தாலும் மோட்டாரை ஸ்மார்ட் பிளக்கில் மாட்ட வேண்டாம். ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், உள்ளே இருக்கும் ரிலே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆஃப் கட்டளை போனாலும் மோட்டார் நிற்காது. ஸ்மார்ட் சுவிட்ச், பெரிய கரண்டைத் தாங்கும் ரிலேயான காண்டாக்டரை இயக்கட்டும், காண்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். ஏ.சி.யையும் பிளக்கில் வெட்டாமல் ரிமோட் சிக்னல் அனுப்பும் ஐ.ஆர். கருவியால் அணைப்பது கம்ப்ரஸருக்கு நல்லது.

கரண்ட் போய்த் திரும்பும்போது ஒவ்வொரு பிளக்கும் எந்த நிலையில் எழும் என்று செட்டிங்கில் கேட்டிருப்பார்கள். கீசருக்கு ‘ஆஃப்’, ஃப்ரிட்ஜுக்கு ‘ஆன்’. ரவுட்டர், ஃபைபர் பெட்டி, பை மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறக்காதீர்கள். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் தனி ஐ.பி. தருவதில்லை என்பதால் திறந்தாலும் வேலை செய்யாது. வயர்கார்டு வகையில் ஓடும் டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு வி.பி.என். (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான வழி) போதும்.

கடைசியாக, கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது. ஹோம் அசிஸ்டென்ட்டில் யூனிட்டைக் கூட்டிக்கொண்டே வரும் யூட்டிலிட்டி மீட்டரில் இரண்டு மாதச் சுழற்சி இருக்கிறது, ஆனால் அது வழக்கமாகக் காலண்டர்படி ஒன்றாம் தேதி பூஜ்யமாகும். ரீடிங் எடுக்க வருபவர் ஒன்றாம் தேதி பார்த்து வருவதில்லை. சுழற்சியே வைக்காமல், டாஷ்போர்டில் ஒரு ரீசெட் பட்டன் போட்டு, ரீடிங் எடுத்த அன்று அழுத்துங்கள். எச்சரிக்கையை 500-இல் வைக்காமல் 430-இல் வையுங்கள். அடுத்த ரீடிங் வரை மிச்சமுள்ள நாட்களால் 70-ஐ வகுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் செலவழிக்கலாம் என்று தெரிந்துவிடும்.